பத்தொன்பது நிமிஷம் பின்னால்

கடைவீதியில் எல்லோரும் அவரை நிமிஷக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்குப் பாட்டு செட் மாட்டித் தருவது அவருடைய தொழில். ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய ஒடுக்கமான கடை, சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் ஒயர்ச் சுருள்கள், அலமாரியில் பெட்டி பிரிக்காத ஸ்பீக்கர்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறார் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் பட்டப்பெயர் தொழிலால் வந்ததல்ல. தப்பு மணி காட்டும் கடிகாரத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பல் டாக்டரிடம் போனால் தன் வாயைத் திறப்பதற்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தைத் திறந்துவிடுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், ஆறு நிமிஷம் முந்தி ஓடிய கடிகாரத்தை ஆளில்லாத நேரம் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து அழுதவர்களோடு உட்கார்ந்தவர் அவர்.

சொந்த வீட்டுக் கூடத்திலும் ஒரு கடிகாரம் இருந்தது. வாரத்துக்கு இரண்டு நிமிஷம் பின்தங்கும். புதிது வாங்கலாமே என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் முக்காலியைப் போட்டு ஏறி, அந்த இரண்டு நிமிஷத்தைச் சரிசெய்துவிட்டு இறங்கினால்தான் அவருக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று அவளே முக்காலியை எடுத்துப் போட்டுவிடுவாள்.

கடையில் செட் மாட்டி முடித்ததும் வண்டிக்காரரை உள்ளே உட்கார வைத்து ஒரு பாடம் நடத்துவார். "இந்த பட்டன மூணு செகண்ட் அமுத்திப் பிடிங்க. மணி மின்னும். மேல அமுத்துனா ஏறும், கீழ அமுத்துனா இறங்கும். ஆனா ஒண்ணு சார், வண்டிய ஓரமா நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகுதான். ஓடும்போது தொடவே கூடாது." ஆயிரம் பேரிடமாவது இதை ஒப்பித்திருப்பார். ஊருக்கெல்லாம் சொன்னவர் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. என் கண்ணைக் கட்டிவிட்டாலும் மணி வைப்பேன் என்று பக்கத்து டயர் கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

பீற்றல் பத்து மாதத்துக்கு முன்னால் நின்றது. சொந்தக் காருக்குப் புது செட் மாட்டிய மறுநாள், மகளைப் பயிற்சிக் கல்லூரியில் விடக் கூட்டிப்போனார். அன்று காலை பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் செட்டின் மணி பன்னிரண்டில் நின்று மின்னிக்கொண்டிருந்தது. ரோட்டில் போகப்போக அந்த மின்னல் அவர் கண்ணை உறுத்தியது. பட்டனை அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்து பார்த்தபோது ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்பக்கம் முகத்துக்கு நேரே இருந்தது. அவருக்குச் சிராய்ப்புதான். மகளைப் பெல்ட் காப்பாற்றியது, ஆனாலும் தோள்பட்டைக்கு முன்னால் காறை எலும்பு முறிந்தது. அந்த மாதம் அவள் எழுத வேண்டிய பரீட்சை போயிற்று.

எலும்பு கூடிவிட்டது. பரீட்சையும் ஆறு மாதம் கழித்து எழுதி நன்றாகவே தேறினாள். கூடாமல் கிடந்தது வேறொன்று. ஆஸ்பத்திரியில் மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, நிமிஷக்காரர் வாயில் வந்தது இதுதான்: "லாரிக்காரன் இண்டிகேட்டர் போடாம டக்குன்னு நிறுத்திட்டான்." கட்டிலில் படுத்திருந்த மகள் அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்போதே வாயைக் கழுவியிருக்கலாம். கழுவவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அதே கதை, சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதல் வாரம் இண்டிகேட்டர் போடாமல் நின்ற லாரி, மூன்றாம் வாரம் ரிவர்ஸிலேயே வர ஆரம்பித்துவிட்டது. மனைவி முகம் தெரியாத அந்த லாரிக்காரனைத் தினமும் திட்டினாள். மகள் அன்றிலிருந்து அப்பாவின் காரில் ஏறவில்லை. பஸ் இருக்கிறதே என்பாள், நடக்கிறேனே என்பாள். சண்டையில்லை, முகம் சுளிப்பதில்லை. சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவருக்கு அந்த மரியாதைதான் தொண்டையில் சிக்கியது.

வண்டி பழுது பார்த்து வந்ததும் அவர் முதல் வேலையாகச் செட்டைப் பிடுங்கி அலமாரியில் போட்டார். டாஷ்போர்டில் ஒரு செவ்வக ஓட்டை. மனைவி அதைச் சும்மா விடுவாளா, மார்க்கெட்டுக்குப் போகும்போது எலுமிச்சம்பழம் வைக்கும் இடமாக்கிக்கொண்டாள். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பாட்டு, உங்க வண்டியில எலுமிச்சம்பழமா பாடுது?" என்றார். நிமிஷக்காரர் சிரித்து வைத்தார்.

மகளுக்கு வேலை கிடைத்தது. நாலு மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த வாரம் முழுவதும் மனைவி மெத்தையைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் கடையை மூடிவிட்டு வந்தபோது சமையலறையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"மெத்தை, ரெண்டு பெட்டி, பக்கெட்டு. இத்தனையும் தூக்கிக்கிட்டு பஸ்ல எப்படிடி போவ? வீட்ல கார் நிக்குது. பெத்த அப்பா கொண்டுபோய் விடணும்னு ஆசைப்பட மாட்டாரா? எவனோ லாரிக்காரன் பண்ணதுக்கு இவரு என்ன பண்ணுவாரு?"

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார் அவர்.

"ஏறுறேம்மா," என்றாள் மகள். "ஆனா கழட்டுன செட்ட அப்பா திரும்ப மாட்டட்டும்."

"பாட்டு கேக்காம போக முடியாதா உனக்கு?"

"பாட்டுக்கு இல்ல. ஓட்டையப் பார்த்துக்கிட்டு யார் வேணும்னாலும் ஒழுங்கா ஓட்டலாம். செட்டு இருக்கும்போது ஓட்டிக் காட்டட்டும். ஞாயித்துக்கிழமை ஒரு ரவுண்டு போய்ட்டு வரோம். ஒரு தடவ தொட்டாலும் நான் பஸ்ல போறேன். அப்ப நீயும் என்கூட பஸ்ல வா."

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் நின்றவருக்கு முழுக்கப் புரிந்தது. பத்து மாதமாக மகளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. கூடவே ஒரு நப்பாசையும் எழுந்தது. ஏற மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை கடையில் செட்டைத் தூசி தட்டி மாட்டினார். முதன்முதலாக வேலை கற்றுக்கொள்பவர் மாதிரி ஒவ்வொரு ஒயரையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பேட்டரியை இணைத்ததும் திரையில் பன்னிரண்டு மின்னியது. விரல் தானாகப் போனது.

"இருங்கப்பா," என்று பின்னால் குரல். மகள் எப்போது வந்தாளோ. "அத நான் வெக்கிறேன்."

கடையிலேயே வளர்ந்தவள், அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டனை மூன்று செகண்ட் அமுத்திப் பிடித்தாள். மணி மின்னியது. ஏற்றினாள், இறக்கினாள், விட்டாள். நிமிஷக்காரர் திரையையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது நிமிஷம் பின்னால்.

"கண்ணு, இது..."

"தெரியும். வேணும்னுதான்." அதோடு விடவில்லை. ஸ்டேஷனைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், பாட்டுக்கு அடியில் எண்ணெய் காய்வது போல ஒரு இரைச்சல் வந்தது. சத்தம் முழுவதையும் வலது பக்கத்துக்குத் தள்ளினாள், இடது ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. ட்ரெபிள் என்கிற கீச்சை உச்சத்துக்கு ஏற்றினாள். இருபத்திரண்டு வருஷ ஆடியோக்காரரைச் சித்திரவதை செய்ய இதைவிட யாரும் நன்றாக யோசித்திருக்க முடியாது. பெற்ற பெண்ணாக இருந்தால்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பினார்கள். செட்டில் மூன்று நாற்பத்தொன்று. ஊருக்கு வெளியே இருக்கும் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்ப வேண்டும். மகள் முன்னால் உட்காரவில்லை. பின்சீட்டில், அவருடைய இடது கை நன்றாகத் தெரியும்படி இடதுபுறமாக உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள். மனைவி கேட்டைப் பிடித்தபடி, "எதுக்கு இந்தக் கூத்துன்னு ரெண்டு பேரும் சொல்ல மாட்டீங்க, போய்ட்டு வாங்க," என்று வழியனுப்பினாள்.

முதல் பத்து நிமிஷம் அவருக்குப் பிராணன் போயிற்று. இரைச்சலாவது பரவாயில்லை, காதை மூடிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளலாம். அந்த மணிதான் ஓரக்கண்ணில் ஊசி மாதிரி குத்தியது. கியர் மாற்றிவிட்டுக் கையை உடனே ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்து ஒட்டினார். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினார். ரவுண்டானாவில் ஒரு அம்மா தன் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு குறுக்கே வர, நின்று வழிவிட்டார்.

பெரிய சிக்னலில் சிவப்பு. வண்டி நின்றது. இப்போது நிற்கிறதே, நின்ற வண்டியில் தொட்டால் என்ன என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. மூன்று செகண்ட் போதும். கை ஸ்டியரிங்கை விட்டு ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அதற்குள் பச்சை விழுந்து, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். பார்த்தால், முன்னால் ஒரு சைக்கிள்காரர் இன்னும் கடந்து முடிக்கவில்லை. பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவரைப் பார்த்திருக்க மாட்டோம் என்பது நிமிஷக்காரருக்கு உறைத்தது. ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம் அன்றைக்குத்தான் அவருக்கே சொன்ன மாதிரி இருந்தது.

பெட்ரோல் பங்கில் திரும்பினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது மகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள். அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. அடுத்தது ரயில் பாதையை ஒட்டிய நேர் ரோடு. இரண்டு பக்கமும் காலி மனைகள், எதிரே ஒரு வண்டி கிடையாது. ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த பெண், இப்போது மணி நாலு நாற்பது என்றாள். திரையில் நாலு இருபத்தொன்று.

நெரிசலில் அடங்கிக் கிடந்த கை இந்தக் காலி ரோட்டில் கிளம்பிவிட்டது. அவர் அனுப்பவில்லை. ஆள்காட்டி விரல் பட்டனில் பட்ட பிறகுதான், அது தன்னுடைய விரல் என்பதே அவருக்குத் தெரிந்தது. சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர் போல இழுத்துக்கொண்டார். ஒரு செகண்ட்கூட இருக்காது. மணி மின்னவில்லை, மாறவும் இல்லை.

கண்ணாடியைப் பார்த்தார். மகள் ஜன்னல் வழியாக, பாதையில் போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளை எண்ணுகிறாள் போல, உதடு அசைந்துகொண்டிருந்தது.

பார்க்கவில்லை.

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைப்பானேன். இன்னும் கால் மணி நேரம். வீட்டுக்குப் போய்விட்டால் நாளைக்கு அவள் இந்த வண்டியில் ஏறுவாள், மெத்தையை மேலே கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டே போகலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. லாரியும் அப்படியே ரிவர்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வந்ததும் கணக்கு உதைத்தது. நாளைக்கு அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பத்து மாதத்துப் பொய்யோடு இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தனியாகத் திரும்ப வேண்டும். அவரால் முடியாது போலிருந்தது.

இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக ரோட்டை விட்டு இறக்கி, ஒரு சுவரோரமாக நிறுத்தினார். நியூட்ரல். ஹேண்ட்பிரேக். இஞ்சினை அணைத்து, சாவியை ஒரு படி முன்னால் விட்டார், ரேடியோ மட்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"என்னப்பா? டயரா?"

"தொட்டுட்டேன்," என்றார், திரும்பாமல்.

"எப்ப?"

"இப்பத்தான். நீ ரயில பார்த்துக்கிட்டிருந்தப்ப. விரலு பட்டுடுச்சு. உடனே எடுத்துட்டேன், ஆனா பட்டுச்சு."

"நான் பார்க்கல," என்றாள் மெதுவாக.

"தெரியும். நீ பார்க்கலன்னு பார்த்துட்டுத்தான் கொஞ்ச தூரம் ஓட்டுனேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னார். "அன்னைக்கும் லாரிக்காரன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவன் பாட்டுக்கு ஓரமா நின்னுக்கிட்டிருந்தான். இண்டிகேட்டர் போட்டுத்தான் இருந்தான். நான்தான் குனிஞ்சு மணி வெச்சுக்கிட்டிருந்தேன். உன் எலும்ப ஒடச்சது நான்தான். பரீட்சைய கெடுத்ததும் நான்தான். நாளைக்கு நீ அம்மாவோட பஸ்லயே போம்மா. பெட்டி, மெத்தையெல்லாம் நான் எதுலயாவது ஏத்தி அனுப்பிடுறேன்."

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போய் முடிந்தது. பின்சீட்டில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"எனக்குத் தெரியாதாப்பா? நான் பக்கத்துல தானே உக்காந்திருந்தேன்."

"அப்ப அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"அத நானா சொல்லணும்? நீங்க சொல்லுவீங்கன்னுதான் பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். நீங்க என்னடான்னா லாரிய ரிவர்ஸ்ல ஓட்டிக்கிட்டிருக்கீங்க." அழுகையோடு ஒரு சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "எலும்பு ஒடஞ்சது வலிச்சுதுப்பா. ஆனா அது ரெண்டு மாசத்துல போயிடுச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்ல வேறொன்றும் இல்லாததால், "மன்னிச்சுக்கோ கண்ணு," என்றார். மகளிடம் அந்த வார்த்தையைச் சொல்வது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

பின்கதவு திறந்து மூடியது. அவள் காரைச் சுற்றி வந்தாள். இறங்கி நடக்கப் போகிறாளோ என்று அவர் பதறிக் கதவைத் திறக்கப்போக, முன்கதவு திறந்தது. பத்து மாதமாக அவள் உட்காராத சீட்டில் உட்கார்ந்து, பெல்டை இழுத்து மாட்டினாள்.

"தொட்டாச்சேம்மா. நீதானே சொன்ன, தொட்டா பஸ்ஸுன்னு."

"நான் பார்க்காதத நீங்களே நிறுத்திச் சொன்னீங்க. எனக்கு அது போதும்." டாஷ்போர்டைக் காட்டினாள். "ஆனா உங்க கைய நான் நம்பல. இனிமே இது பக்கத்துல உக்கார்றவங்க வேலை. பாட்டு, மணி, சத்தம் எல்லாம். யாருமே இல்லன்னா இப்படி நிறுத்திட்டு. சரியா?"

"சரி."

"இப்ப வண்டி எப்படி இருக்கு?"

"நிக்குது."

"ஹேண்ட்பிரேக்?"

"போட்டிருக்கு."

"அப்ப மணிய வைங்க. பாவம், உங்க முகமே சரியில்ல."

அவர் பட்டனை அமுத்திப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மணி மின்னியது. மகள் தன் போனை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, அதைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். நாலு ஐம்பத்திரண்டுக்கு வந்ததும் விரலை நிறுத்தி, போனில் நிமிஷம் மாறும் வரை காத்திருந்து, மாறிய நொடியில் விட்டார். அவருடைய முகத்தைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஸ்டேஷனைச் சரியாக வைத்து, கீச்சைக் குறைத்து, சத்தத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாள். அவள் பக்கத்து ஸ்பீக்கருக்கு உயிர் வந்தது. வீடு வரும் வரை இரண்டு பக்கமும் பாட்டு கேட்டது. நாளைக்கு விடிகாலை நாலு மணிக்கா, நாலரைக்கா, எப்போது கிளம்புவது என்று வழியெல்லாம் சண்டை போட்டார்கள். அவர் நாலு என்றார், பாதியில் நிறுத்திப் பாட்டு மாற்ற நேரம் வேண்டுமே என்றார். பாட்டுக்கு நான் இருக்கேனே என்றாள் மகள்.

கேட்டைத் திறந்த மனைவி, முன்சீட்டில் இருந்தவளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏறிட்டாளா? முன்னாலயா?" என்று கேட்டபடி கூடவே ஓடிவந்தாள். அந்த லாரிக்காரன் மட்டும் அன்றைக்கு ஒழுங்காக இருந்திருந்தால் இத்தனை நாள் வீணாகியிருக்குமா என்று பழக்க தோஷத்தில் திட்டவும் ஆரம்பித்தாள்.

மகள் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியை அடுக்குவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கைக்கடிகாரத்தில் மணி ஐந்து பத்து. கூடத்துச் சுவரில் ஐந்து எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மனைவி வழக்கம்போலக் கடிகாரத்துக்குக் கீழே முக்காலியைப் போட்டு வைத்திருந்தாள். நிமிஷக்காரர் நேராக அதனிடம் போனார். ஏறவில்லை. அதன்மேல் உட்கார்ந்து, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"இப்படி வந்து உக்காரு," என்றார் மனைவியிடம். "அந்த லாரிக்காரனப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."